முள் வெளியே நின்ற தூண்டில்

சுவிஸ் முழுக்கத் தேடினாலும் என் அப்பாவைப் போல மோசமான மீன்பிடிகாரர் ஒருவரைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஓர் இலையுதிர்காலம் தொடங்கி அடுத்த வசந்தம் வரை, புதன்கிழமை தவறாமல் மூர்த்தன் ஏரிக்கரையில் நின்று தூண்டில் எறிந்தார். அவருக்குக் கிடைத்ததெல்லாம் பாசி, நாணல் வேர், பிளாஸ்டிக் பை. மழை கொட்டினாலும் போவார், கை விறைத்தாலும் போவார். அப்போது எனக்கு ஒன்பது வயது. நானும் கூடவே போவேன். ஒரு மனிதர் இவ்வளவு பாடுபட்டும் ஒரு மீன்குஞ்சு கூட அகப்படவில்லையே என்று எனக்கு ஒரே வெட்கமாக இருக்கும்.

அந்தத் தூண்டில் அப்பாவுடையதல்ல, சின்ன மாமாவுடையது. அவர் அம்மாவின் தம்பி. எங்களோடு ஃப்ரிபூர்க்கில் இருந்தார். பகலில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை. மிச்ச நேரமெல்லாம் கைபேசியில் அமெரிக்கர்கள் மீன் பிடிக்கிற வீடியோ. அதில் பாஸ் என்றொரு மீன் வரும். பச்சை உடம்பு, அகன்ற வாய். அது வெட்டவெளித் தண்ணீரில் நிற்காதாம். பாசிக்குள்ளும் தாமரை இலைக்குக் கீழும் விழுந்த மரத்தின் கொப்புகளுக்கிடையிலும் ஒளிந்திருக்குமாம். எங்கள் பக்கத்து ஏரியில் அந்த மீன் இல்லவே இல்லை. அதைப் பற்றி மாமாவுக்குக் கவலையில்லை.

“பாஸ் இல்லாட்டி என்ன, எக்லிக்கும் இது சரிவரும்” என்பார். எக்லி என்பது இங்குள்ள ஏரிகளில் கிடைக்கிற, உடம்பில் கறுப்புக் கோடு போட்ட சின்ன மீன். அதற்கும் நாணல் ஓரம்தான் பிடிக்கும்.

நாணலுக்குள் சாதாரணத் தூண்டிலை எறிந்தால் மீனுக்கு முதல் நாணல்தான் கொழுவும். ஆகவே முள்ளை மறைக்க வேண்டும். விரல் நீளத்தில், பென்சிலை விட மெல்லிய ரப்பர் புழு ஒன்று. கழுத்துப் பக்கம் மடிந்த ஒரு முள். முள்ளின் நுனியைப் புழுவின் தலையில் குத்தி, கொஞ்சம் தள்ளி வெளியே எடுத்து, தலையைக் கழுத்து மடிப்பு வரை இழுத்துவிட்டு, முள்ளைத் திருப்பி, நுனியை மறுபடி வயிற்றின் வழியாக ஏற்ற வேண்டும். நுனி முதுகுத் தோலுக்குள் மட்டும் ஒளிந்து நிற்க வேண்டும். அப்படிக் கோர்த்தால் பாசிக்குள் எறிந்தாலும் எதிலும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும். மீன் கடித்தால் மட்டும் ரப்பர் நசுங்கி முள் வெளியே வரும். புழு நேராக இருப்பதுதான் முக்கியம். கொஞ்சம் கோணினாலும் தண்ணீரில் சுழன்று நூலை முறுக்கிவிடும்.

மாமாவுக்கு இதற்கெல்லாம் பொறுமை கிடையாது. அவர் கோர்த்த புழுக்கள் எல்லாம் கூனிக்கொண்டுதான் நிற்கும். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பழகினோம். நான் அவரை வென்றுவிட்டேன். “எடியே, நீ வலு கெட்டிக்காரி” என்று பெட்டியை என்னிடம் தள்ளிவிட்டு, தான் சொக்லேட்டை உடைத்து வாயில் போட்டுக்கொள்வார். அந்த ரப்பர் புழுக்களில் உள்ளிப்பூண்டு மணம் வரும். மீனுக்கு உள்ளி பிடிக்குமாம். சமையலறை மேசையில் அவற்றைக் கண்டால் அம்மா கத்துவார்.

“உந்த அட்டையளை இஞ்சை கொண்டு வராதை எண்டு எத்தினை தரமடா சொல்றது! சோத்துக்குள்ளை விழுந்தா நான் கறியெண்டு நினைச்சுப் பரிமாறிப் போடுவன்.”

அப்பாவுக்கு இந்த விளையாட்டு அடியோடு பிடிக்காது. அது அவருக்கு மானப் பிரச்சினை. “எங்கடை ஆக்களிலை ஆராவது தூண்டில் தூக்கினவையோ? தமிழ்ச் சனம் கண்டால் என்ன கதைக்கும்?” என்பார். ஓர் உணவகத்தின் சமையலறையில் நாள் முழுவதும் மீன் செதில் உரிக்கிற மனிதர்தான் இதைச் சொன்னார். எங்கள் குடும்பம் தோட்டம் செய்த குடும்பம். கடல் தெரியாது, நீச்சல் தெரியாது என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு பெருமை இருந்தது. மாமாவுக்கும் நீச்சல் தெரியாது.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு காலை, வேலையிடத்துச் சிநேகிதர் ஒருவரின் சின்னப் படகை இரவல் வாங்கிக்கொண்டு மாமா தனியாக ஏரிக்குப் போனார். பின்னேரம் படகு நாணலில் தட்டித் தட்டிக்கொண்டு நின்றது. தூண்டில் உள்ளே இருந்தது. புழுப் பெட்டி இருந்தது. மிதவைச் சட்டை மடித்தபடியே இருக்கைக்குக் கீழே கிடந்தது. மாமா இல்லை.

பொலிஸ் படகுகள் தேடின. சுழியோடிகள் தண்ணீருக்குள் இறங்கினார்கள். பிறகு ஒருநாள் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். ஏரி குளிர்ந்துவிட்டது, குளிர்ந்த தண்ணீர் ஆளை மேலே விடாது, இனி ஏரியாக விட்டால்தான் உண்டு என்று அப்பாவிடம் மரியாதையாகத்தான் சொன்னார்கள். மாமாவின் தூண்டிலையும் பெட்டியையும் திருப்பித் தந்தார்கள்.

எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் ஏற்கெனவே ஒரு படம் தொங்கியது. அது பெரிய மாமா. அம்மாவின் அண்ணன். ஊரில் சண்டை நடந்த காலத்தில், மீசை முளைக்கும் வயதில், காலையில் சைக்கிளில் போனவர் திரும்பி வரவில்லை. செத்துப்போனார் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை. ஆகவே அந்தப் படத்துக்கு மாலையும் இல்லை, விளக்கும் இல்லை. அவர் பனங்கட்டியை, அதாவது பனை வெல்லத்தை, களவாக எடுத்துத் தின்று அடி வாங்குகிறவராம். இது நான் வளர்ந்த பிறகு அம்மா சொன்னது. சின்ன வயதில் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டால் “அது மாமா” என்பதோடு முடித்துவிடுவார். அவருக்காக அம்மாவின் வீட்டார் ஒருநாளும் ஒரு பிடி சோறு படைத்ததில்லை. படைத்தால், செத்துவிட்டான் என்று தாங்களே தீர்ப்புச் சொன்னதாகிவிடும்.

சின்ன மாமா போன பிறகு பேர்ணிலிருந்தும் ஷ்லீரனிலிருந்தும் உறவுக்காரர்கள் போன் எடுத்தார்கள். எட்டுச் செலவையாவது செய்யச் சொன்னார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஒருவர் இறந்து எட்டாம் நாள், அவருக்குப் பிடித்த மீன், இறைச்சி, குடிவகை எல்லாவற்றையும் ஓர் அறையில் படைத்துவிட்டு, கதவைச் சாத்தி எல்லோரும் வெளியே நிற்பார்கள். போனவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார் என்று நம்பிக்கை. அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

“உடம்பைக் காணாமல் நான் ஆருக்குப் படைக்கிறது? ஒருத்தனை அப்பிடி விட்டது போதும். இவனை விடமாட்டன்.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மீன் சமைக்கவில்லை. கடல் மீன்கூட இல்லை. கடையில் மீன் பெட்டிக்குப் பக்கத்தால் போகும்போது அம்மா மறுபக்கம் திரும்பிக்கொள்வார். அப்படி இருந்த அம்மாதான், ஒருநாள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்: “அவன்ரை தூண்டில் கிடக்குது தானே. அந்த நாணலுக்குள்ளை போட்டு இழுங்கோ. சட்டையிலை எண்டாலும் கொழுவும்.” மானத்தைப் பற்றி ஓயாமல் பேசிய அப்பா மறுவாரமே மீன்பிடி அனுமதி எடுத்துவிட்டார்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பல வருடங்களுக்குப் பிறகுதான் அம்மா வாய் திறந்தார். ஒன்பது வயதில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: மாமா ஏரியில் தவறிப் போய்விட்டார். அப்பா இனிப் புதன்கிழமைகளில் தூண்டில் போடப் போவார். இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மாமாவை நினைத்துக்கொண்டு மீன் பிடிக்கிறார், பாவம், என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை. அப்பாவின் உணவகத்துக்கும் அன்றுதான் விடுமுறை. அம்மா ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைக்கு நிற்பார். ஆகவே அப்பாவும் நானும் ரயில் ஏறுவோம். அப்பா தூண்டிலை ஒரு பழைய துணியில் சுற்றி, குடை கொண்டு போகிற மாதிரிக் கொண்டு போவார். தமிழ்ச் சனம் யாரும் பெட்டியில் ஏறினால் அதைக் காலுக்கிடையில் தள்ளிவிடுவார்.

ஏரிக்கரையில் அவர் செய்வதைப் பார்க்க எனக்குக் கோபம் கோபமாக வரும். புழு போடவே மாட்டார். வெறும் முள்ளை, அதுவும் பெட்டியிலேயே பெரிய முள்ளைக் கட்டி, அதற்கு மேலே கனமான ஈயக் குண்டைப் போட்டு, நாணலுக்குள் எறிந்து, அடியோடு அடியாக மெதுவாக இழுப்பார். இழுத்த இழுப்பெல்லாம் கொழுவும். கொழுவியதும் அப்பாவின் முகம் மாறிவிடும். மூச்சுக்கூட விடமாட்டார். நூலைக் கையில் சுற்றிக்கொண்டு, தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பார். நாணல் வேர் வெளியே வரும். அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு மறுபடி எறிவார்.

வழக்கமாக அந்தப் பக்கம் வந்து மீன் பிடிக்கிற வயதான சுவிஸ்காரர் ஒருவர் இதைச் சில வாரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பொறுக்க முடியாமல் என்னிடம் வந்து ஜெர்மனில் சொன்னார். நான் சந்தோஷமாக மொழிபெயர்த்தேன்.

“அப்பா, முள் வெளியிலை நிக்குதாம். உப்பிடிப் போட்டால் பாசி மட்டும்தான் வருமாம். நான் சொன்னனான் தானே!”

அப்பாவுக்கு ஜெர்மன் அவ்வளவாக வராது. சமையலறையில் பேசுகிற அளவுக்குத்தான் தெரியும். அவர் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு, கையால் ஏரியைக் காட்டி, “மைன் ஷ்வாகர்” என்றார். என் மைத்துனன் என்று அர்த்தம். அந்த மனிதர் ஏரியைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் நாங்கள் நிற்கும் பக்கம் வரவே இல்லை. அப்பா ஏதோ இலக்கணப் பிழை விட்டு அவரைக் கோபப்படுத்திவிட்டார் என்று நினைத்தேன்.

மார்கழியில் ஒருநாள் கனமாக ஏதோ கொழுவியது. அப்பா இடுப்பு வரை இறங்கிவிட்டார். கடைசியில் வந்தது யாரோ காலில் போட்ட ஒற்றைச் சப்பாத்து. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அப்பா சப்பாத்துப் பிடிச்சிட்டார்! அப்பா சப்பாத்துப் பிடிச்சிட்டார்!” என்று கரையெல்லாம் ஓடினேன். அப்பா சிரிக்கவில்லை. சேற்றை விரலால் வழித்துவிட்டு, சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தார், நாக்கைத் தூக்கி உள்ளே பார்த்தார். வளர்ந்த பெண் ஒருத்தியின் சப்பாத்து அது. கல்லில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டே இருந்தார். ஈரக் காற்சட்டையோடு அப்படி இருந்தால் காய்ச்சல் வருமென்று நான்தான் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவிலேயே நின்று அவர் முகத்தைப் பார்த்தார். அப்பா இல்லையென்று தலையை ஆட்டினார். ஒவ்வொரு புதனும் இது நடக்கும். மீன் அகப்படவில்லை என்பதற்கு இவ்வளவு சோகமா என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அடுத்த வாரம் ரயிலில் அப்பா களைப்பில் கண்ணயர்ந்துவிட்டார். நான் துணியை அவிழ்த்து, அவருடைய பெரிய முள்ளைக் கழற்றி, மாமாவும் நானும் கட்டுகிற மடிந்த கழுத்து முள்ளைக் கட்டினேன். உள்ளி மணக்கிற புழு ஒன்றை எடுத்து, நேராக, நூல் பிடித்த மாதிரிக் கோர்த்தேன். நுனியைத் தோலுக்குள் மறைத்தேன். அப்பாவுக்கு இன்றைக்குக் கட்டாயம் மீன் என்று மனம் துள்ளியது.

கரையில் விரல் விறைத்திருந்ததால் அப்பா கவனிக்காமலே எறிந்தார். இழுத்தார். தூண்டில் நாணலுக்குள் புகுந்து, பாசிக்கு மேலால் வழுக்கி, ஒன்றும் மாட்டாமல் சுத்தமாக வந்து சேர்ந்தது. மறுபடி எறிந்தார். மறுபடியும் சுத்தமாக வந்தது. மூன்றாம் முறை நூலைப் பிடித்து முள்ளைப் பார்த்தார்.

“ஆர் பிள்ளை இதைக் கட்டினது?”

“நான்தான். இப்ப எதிலையும் கொழுவாது, பாருங்கோ!”

அப்பா என்னை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. புழுவை முள்ளிலிருந்து உருவி, முள்ளைத் துடைத்து, பெரிய முள்ளை மறுபடி கட்டத் தொடங்கினார். விறைத்த விரலில் முள் குத்தி இரத்தம் வந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“உங்களுக்கு மீன் பிடிக்கவே தெரியாது!”

“ஓம் பிள்ளை,” என்றார் அப்பா. “எனக்குத் தெரியாது.”

பனி கரைந்து, நாணலில் பச்சைக் குருத்து விட்டபோது, ஒரு புதன்கிழமை கரையில் புதுப் பலகை நட்டிருந்தது. தண்ணீரில் கயிறு கட்டி மஞ்சள் மிதவைகள் விட்டிருந்தார்கள். அப்பா என்னை வாசிக்கச் சொன்னார்.

“பறவையள் முட்டையிடுற காலமாம். நாணலுக்குள்ளை ஒருத்தரும் போகக் கூடாதாம். தூண்டிலும் போடக் கூடாதாம்.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“கோடை முடியுமட்டும்.”

அப்பா அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிதவைகளுக்கு அப்பால் ஒரு பறவை நாணல் துண்டை அலகில் வைத்துக்கொண்டு நீந்திப் போனது. பிறகு அவர் வந்து என் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து, துணியை அவிழ்த்து, பெட்டியை என் மடியில் வைத்தார்.

“இண்டைக்கு நீ கட்டு. நீயும் மாமாவும் கட்டுற மாதிரிக் கட்டு.”

என் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கடைசியில் இந்த மனிதருக்குப் புத்தி வந்துவிட்டது! பெரிய முள்ளை வெட்டி எறிந்தேன். சின்ன முள்ளையும் புழுவையும் கோர்த்தேன், முள்ளை மறைத்தேன். கயிற்றுக்கு இப்பால் ஒரு மரம் விழுந்து தண்ணீருக்குள் கொப்புப் பரப்பிக் கிடந்தது. அதன் நடுவே நானே எறிந்தேன். கொப்புகளுக்கு மேலால் ஏறி இறங்கிப் புழு வந்துகொண்டிருக்கும்போது நூல் இரண்டு தரம் சுண்டியது. இழுத்தேன். கோடு போட்ட எக்லி ஒன்று, சிவப்புச் செட்டையோடு, வாலை அடித்துக்கொண்டு வந்தது.

இந்த நாட்டில் பிடித்த மீனைத் துடிக்க விடக்கூடாது. சமையலறையில் பழகிய கை, அப்பா ஒரே தட்டில் அதை அடக்கினார். கையைத் தண்ணீரில் கழுவிவிட்டு, ஏரியைப் பார்த்து நின்று, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். உதடு ஏதோ முணுமுணுத்தது. மீன் தந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்கிறார் என்று நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.

வீட்டுக் கதவை அம்மா திறந்தபோது நான் மீன் பையை உயர்த்திப் பிடித்தேன். “நான் பிடிச்சது! மாமாவின்ரை புழுவிலை பிடிச்சது!” அம்மா பையைப் பார்த்தார். பிறகு வழக்கம்போல அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு அப்பா தலையை ஆட்டவில்லை.

“ஏரி இதைத்தான் தந்தது,” என்றார்.

அம்மா அப்படியே கதவடியில் உட்கார்ந்துவிட்டார். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதார். எனக்குப் புரியவில்லை. ஒரு மீனும் பிடிக்காமல் வந்த நாளெல்லாம் அழாதவர், மீனைக் கொண்டு வந்ததும் அழுகிறாரே என்று பயந்துபோய் நின்றேன். அப்பா அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, “காணும் அம்மா, போதும். பிள்ளை பயப்பிடுது” என்று சொல்லிக்கொண்டே தானும் அழுதார்.

பிறகு அம்மா எழுந்து முகம் கழுவி, தலை முழுகி, அந்த மீனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வீட்டில் மீன் குழம்பு கொதித்தது. பழப்புளியும் தேங்காய்ப்பாலும் உள்ளியும் மணத்தது. என் மீனுக்காக விருந்து வைக்கிறார்கள் என்று சத்தியமாக நம்பினேன். சின்ன மாமாவின் படத்தை எடுத்துச் சின்ன அறையில் வைத்தார்கள். சுவரில் தொங்கிய பெரிய மாமாவின் படத்தையும் அம்மா கழற்றிக்கொண்டு போனார். தூசி தட்டத்தான் என்று நினைத்தேன்.

இரண்டு தட்டில் சோறு போட்டார். எக்லி சின்ன மீன்தானே, குறுக்கே இரண்டாக வெட்டியிருந்தார். தலைத் துண்டு ஒரு தட்டுக்கு, வால் துண்டு மற்றத் தட்டுக்கு. வால் துண்டுக்குப் பக்கத்தில் ஒரு பியர் டின். தலைத் துண்டுக்குப் பக்கத்தில் பனங்கட்டி. விளக்கைக் கொளுத்திவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். நாங்கள் மூன்று பேரும் நடைவழியில் நின்றோம். உள்ளே என் மீன் ஆறிப்போகிறதே என்று எனக்கு ஒரே எரிச்சல்.

கதவைத் திறந்தபோது இரண்டு தட்டும் வைத்தபடியே இருந்தன.

“பாத்தீங்களோ, ஒருத்தரும் வந்து சாப்பிடேல்லை” என்றேன்.

அம்மா என் தலையைத் தடவினார். “வந்தவை பிள்ளை. ரெண்டு பேரும் வந்தவை.”

எந்த இரண்டு பேர் என்று நான் கேட்கவில்லை. மீனைப் பிடித்தவள் நான், குளிர்காலம் முழுக்கத் தூண்டில் எறிந்து தோற்றவர் அப்பா. தட்டு இரண்டும் எங்களுக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன். வால் துண்டை அப்பாவிடம் நீட்டிவிட்டு, தலைத் துண்டு இருந்த தட்டோடு போய் உட்கார்ந்து முள் முள்ளாகச் சூப்பிச் சாப்பிட்டேன். பனங்கட்டியை மட்டும் ஒதுக்கி வைத்தேன். எங்கள் வீட்டில் யாரும் தொடாத சாமானை எனக்கு எதற்காக வைத்தார்கள் என்று அன்றைக்குக் கடைசிவரை விளங்கவில்லை.